வாசலுக்கு என்ன மரம்? இப்போதே சொல்லி வையுங்கள்



இது சித்திரை மாதம். வெளியே போய்ப் பாருங்கள். சாலை ஓரத்துச் சரக்கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, மஞ்சள் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. புங்க மரம் இந்த வெயிலிலும் புதுத் தளிர் விட்டுப் பளபளன்னு இருக்கிறது. குல்மோகர் சிவப்பாகப் பூக்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "நம்ம வாசலிலும் இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!" என்று நினைப்பது இயற்கை. நல்ல ஆசைதான். ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சித்திரையில் ஆசைப்படுகிறோம், ஐப்பசியில் மழை கொட்டின பிறகு ஞாபகம் வந்து கன்று தேடி ஓடுகிறோம். அதற்குள் நல்ல கன்றெல்லாம் போய்விடும். மிஞ்சிக் கிடக்கிறதை, பேர்கூடச் சரியாகத் தெரியாமல், வாங்கிக்கொண்டு வந்து குழியில் வைக்கிறோம்.

ஒரு நெல் ரகம் நமக்குச் சரிப்படவில்லை என்றால் ஒரு போகத்தோடு போச்சு. அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். மரம் அப்படி இல்லை. தப்பு நடந்திருக்கிறது என்பது பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வேர் சுவருக்குள் போயிருக்கும், கிளை மின்கம்பியில் உரசும், புயல் காற்றில் மரம் கூரைமேல் சாயப் பார்க்கும். பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்குக் கோடாலி எடுக்க வேண்டி வரும். ஆகவே இன்றைக்கு மூன்றே விஷயம் சொல்கிறேன். மரத்தைப் பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததை மழைக்கு முன்னாலேயே நாற்றுப் பண்ணையில் சொல்லி வையுங்கள். வாங்கும்போது கன்றின் உயரத்தைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்.

"விவசாயிக்கு எதுக்குங்க அழகு மரம்? தேக்கு வைத்தாலாவது காசு வரும்" என்று சிலர் கேட்கலாம். தேக்கு வைக்கிற இடத்தில் தேக்கு வையுங்கள். நான் சொல்வது வாசல், மாட்டுத் தொழுவம், களம், மோட்டார் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் குளக்கரை, இப்படிப்பட்ட இடங்கள். வீட்டுப் பெரியவர் கட்டில் போட்டுப் படுக்கிறது மர நிழலில்தான். மத்தியானம் மாடு அசை போடுகிறதும் அங்கேதான். நம்ம நாட்டு அழகு மரங்கள் வெறும் அழகுக்கு நிற்பவையும் இல்லை. புங்கன் தழை வயலுக்கு உரம், கொட்டை எண்ணெய்க்கு. பூவரசு இலை ஆட்டுக்குத் தீனி. மகிழம்பூ சாமிக்கு. பூக்கிற மரம் இருந்தால் தேனீயும் வரும்.

இடத்துக்கு ஏற்ற மரம்

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். மேலே அண்ணாந்து பாருங்கள், மின்கம்பி போகிறதா? கீழே பாருங்கள், தண்ணீர்க் குழாய், கக்கூஸ் தொட்டி எங்கே இருக்கிறது? சுவர் எத்தனை அடி? கிணறு எத்தனை அடி? பக்கத்து வீட்டுக்காரர் எல்லை எது? இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகுதான் மரத்தின் பேரை எழுதவேண்டும்.

கம்பிக்குக் கீழே மரமே வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி மாதிரி குட்டையாக நிற்பவை போதும். சுவரிலிருந்து எட்டுப் பத்து அடிதான் இடம் என்றாலும் பவளமல்லி வைக்கலாம். பன்னிரண்டு அடி இருந்தால் மந்தாரை. பதினைந்து அடி இருந்தால் சரக்கொன்றை, மகிழம், பூவரசு. இருபது இருபத்தைந்து அடி இருந்தால்தான் வேம்பு, புங்கன். தூங்குமூஞ்சி மரம் குடை விரித்தாற்போல அறுபது எழுபது அடிக்குப் படரும். அதற்கு ஊர்ப் பொது இடம்தான் சரி, வீட்டு வாசல் இல்லை. ஆலும் அரசும் கோயிலிலும் குளக்கரையிலும் இருக்கட்டும். கிணற்றுச் சுவரில் பறவை எச்சத்தில் முளைக்கிற அரசங்கன்றையே நாம் பிடுங்கிப் போடுகிறோம், தெரிந்தே கிட்டத்தில் வைக்கலாமா? திறந்த கிணறு என்றால், இலை கொட்டுகிற எந்த மரமும் கிணற்றிலிருந்து இருபத்தைந்து அடியாவது தள்ளியே நிற்கட்டும்.

மரமல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரியில் வெள்ளைப் பூ கொட்டும், வாசனை தெரு முழுக்க வரும். ஆனால் நெட்டையாகப் போகிற மரம், கட்டை முறியும், வேரிலிருந்து சுற்றிலும் முளைவிடும். கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம், தோட்டத்து மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாகலிங்க மரமும் அப்படியே. பூ அற்புதம், காய் பீரங்கிக் குண்டு அளவு. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அது தலையில் விழவேண்டுமா? நெட்டிலிங்கத்தில் ஊசி மாதிரி உயரமாக ஒரு ஜாதி வருகிறது. அது வரிசை கட்டி நிற்க அழகாக இருக்கும், கட்டில் போட நிழல் தராது. நிழல் வேண்டியவர் அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் அரளியும் மஞ்சள் அரளியும் கூடவே கூடாது. இலை, பூ, விதை எல்லாமே விஷம். அறுத்துப் போட்ட கிளையைக் கன்றுக்குட்டி கடித்தாலும் ஆபத்து.

களத்துக்கு எந்தப் பக்கம் மரம் வைப்பது என்பதையும் யோசித்துச் செய்யணும். தை அறுவடைச் சமயத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அப்போது களத்துக்குத் தெற்கே நிற்கிற மரத்தின் நிழல் களத்தில்தான் விழும், தானியம் காயாது. அதே மரத்தை வடக்கு ஓரத்தில் வைத்தால், நிழல் களத்துக்கு வெளியே விழும். தானியத்துக்கு வெயிலும் ஆச்சு, தூற்றுகிறவர்கள் உட்காரக் கொஞ்சம் நிழலும் ஆச்சு. வீட்டுக்கு என்றால், பிற்பகல் வெயில் அடிக்கிற மேற்குப் பக்கத்துக்குத்தான் முதல் மரம்.

வரப்பில் வைக்கிறவர்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். எல்லையில் வைத்த மரத்தின் நிழல் அவர் பயிரிலும் விழும். இன்றைக்கு ஒரு முழக் கன்று, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதுவே பஞ்சாயத்துக்கு வரும். உங்கள் பக்கம் பத்தடி உள்ளே தள்ளி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். கடலோரத்து மணல், உப்புக் காற்று, சப்புத் தண்ணீர் என்றால் புன்னையும் பூவரசும் தைரியமாக வைக்கலாம். புன்னை காற்றைத் தாங்கும், வருஷம் பூராவும் பச்சை, வெள்ளைப் பூவில் நல்ல வாசனை. முன்னே அதன் கொட்டை எண்ணெயில் விளக்கு எரித்தார்கள். சென்னை மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் தலமரமே புன்னைதான். வறண்ட செம்மண்ணுக்கு வேம்பு, புங்கன், சரக்கொன்றை. தண்ணீர் வசதி உள்ள வண்டல் மண்ணுக்கு மகிழம், கடம்பு. செண்பகம் ஆசைப்படுகிறவர்கள் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்க்கவேண்டும். வேரில் தண்ணீர் நின்றால் அது தாங்காது.

காற்று சொன்ன பாடம்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என்று வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரங்கள் அதில் நிறைய. குல்மோகர் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. வேர் மேலாகவே படரும், கிளை சட்டென்று முறியும். பூக்கும்போது அதற்கு இணை இல்லை என்பது உண்மை. அதனால் வெட்டவெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள், வீட்டுக்கு மேலே கவிய விடாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னையே சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எந்த மரமும் சாயவே சாயாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஆழமாக வேர் விட்டது நிற்கும், வேர் சுருண்டது விழும். வேர் எப்படிச் சுருளுகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

பேரைச் சரியாகக் கேளுங்கள்

மரத்தை முடிவு செய்தாயிற்று. அடுத்து பேர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "கொன்றைக் கன்னு இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் ஏதாவது ஒரு கொன்றையைக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது சரம் தொங்குகிற சரக்கொன்றை. மஞ்சள் கொன்றை என்று இன்னொன்று இருக்கிறது. அது வெளிநாட்டு மரம், பூவும் மஞ்சள்தான். அழகுக்காகக் கொண்டுவந்தது முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புகுந்து, அடியில் புல்லைக்கூட முளைக்கவிடாமல் அடைத்துக்கொண்டது. அதை வெட்டி எடுக்க வனத்துறை பெரும்பாடு படுகிறது. சீமைக்கருவேலம் நம்மைப் பட பாடு படுத்தியது போதாதா?

கன்றாக இருக்கும்போதே அடையாளம் காண வழி உண்டு. சரக்கொன்றையின் இலைக்காம்பில் இரண்டு பக்கமும் உள்ள சிற்றிலைகள் பெரியவை, உள்ளங்கை நீளத்துக்கு வரும், நாலிலிருந்து எட்டு ஜோடிக்குள் இருக்கும். மற்ற கொன்றைகளுக்குச் சிற்றிலை சிறியது, ஜோடி அதிகம். சந்தேகம் இருந்தால், ஊரில் நிற்கிற சரக்கொன்றையிலிருந்து ஓர் இலைக்காம்பை முழுசாக ஒடித்துக் கையோடு எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோனோகார்பஸ் என்று ஒன்று சில வருஷமாக நர்சரிகளில் வந்தது. சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சை, வேலி மாதிரி அடர்த்தியாக நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். வேர் குழாய்க்குள் புகுகிறது, மகரந்தத்தூள் மூச்சுத் தொந்தரவு கொடுக்கிறது என்ற புகார் வந்து, 2023-ல் குஜராத் அரசு அதைத் தடை செய்தது. 2025-ல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள்.

ஏன் முன்னாலேயே சொல்லணும்?

கன்று கடையில் செய்து வைக்கிற பொருள் இல்லை. அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. வேப்பம்பழம் ஆனி ஆடியில் பழுத்து விழும். அந்தக் கொட்டையை இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்தாகணும், காய வைத்து அடுத்த வருஷம் போட்டால் முளைக்காது. அப்படியானால் இந்த ஐப்பசியில் நடத் தகுந்த வேப்பங்கன்று போன வருஷ ஆடியில் விதைத்ததாகத்தான் இருக்கணும். புங்கன் காய் மாசியிலிருந்து சித்திரை வரை கிடைக்கும். அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம், பையில் போட்டால் இரண்டு வாரத்தில் முளைக்கும். இன்றைக்குச் சொல்லி வைத்தால் இந்த மழைக்கே கன்று தயார். சரக்கொன்றை விதைக்கு ஓடு கெட்டி. ஒரு பக்கத்தைக் கல்லில் உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால்தான் சுலபமாக முளைக்கும். முளைத்த பிறகும் முதல் வருஷம் மெதுவாகத்தான் வரும். மகிழமும் புன்னையும் இன்னும் நிதானம். ஆகவே இவற்றை இந்த வருஷம் சொன்னால், நல்ல கன்று அடுத்த வருஷ மழைக்குக் கிடைக்கும். அதுவரை குழியில் ஒரு பூவரசம் போத்தை நட்டுவைக்கலாமே என்பீர்கள். பூவரசு போத்தில் சுலபமாக வரும், வாஸ்தவம். ஆனால் அதற்கு ஆணிவேர் கிடையாது. பெருத்த போத்தில் வந்த மரம் நடுவில் பொந்து விழுகிறதும் உண்டு. பூவரசானாலும் விதைக் கன்றே மேல்.

செண்பகம் மட்டும் ஒட்டுக் கன்றாக வாங்குங்கள். விதைக் கன்று பூக்க வருஷக்கணக்கில் காத்திருக்கணும், ஒட்டுக் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் பூத்துவிடும். ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். அதற்குக் கீழே வருகிற துளிரை அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும்.

எங்கே சொல்லி வைப்பது? வனத்துறை நாற்றங்கால்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கின பிறகு, நாட்டு மரக் கன்றுகள் அங்கே பெருவாரியாக வளர்க்கப்பட்டன. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால், பக்கத்தில் எங்கே என்ன கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். தனியார் நர்சரியானாலும் சரி, பேசிக்கொள்கிற விதம் ஒன்றுதான். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் மரத்தின் பேர், எத்தனை கன்று, எந்த மாதம் வேண்டும், பை எவ்வளவு பெரியது, முன்பணம் எவ்வளவு, இவ்வளவையும் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது. ஐம்பது கன்றுக்கு ஆள் இருக்கிறது என்றால் பண்ணைக்காரரும் கேட்ட ஜாதியைப் போட்டு வளர்ப்பார், ஒரே வண்டியில் கொண்டுவந்தும் சேர்ப்பார். ஒற்றைக் கன்றுக்கு யார் தனியாக விதை தேடுவார்கள்?

பத்தில் ஒன்று கூடுதலாகச் சொல்லி வையுங்கள். பட்டுப்போன இடத்தில் வைக்க அதே வயசுக் கன்று கையில் இருக்கும்.

உயரம் ஏமாற்றும்

இப்போது வேர் விஷயத்துக்கு வருவோம். கன்று பாலிதீன் பையில் வளருகிறது. வேர் கீழே போகும், அடியைத் தொடும், மேலே போக இடம் இல்லாமல் பையைச் சுற்றிச் சுற்றி வளையம் போடும். ஒரு வருஷம் விற்காமல் அதே சின்னப் பையில் கிடந்தால் வேர் கயிறு முறுக்கினாற்போல ஆகிவிடும். மேலே பார்த்தால் நாலடி உயரம், ஆளை மயக்கும். "இதே விலைக்குப் பெரிய கன்னா கிடைச்சுதே" என்று நாமும் சந்தோஷமாக வாங்குவோம். அதை அப்படியே நட்டால், சுருண்ட வேர் சுருண்டபடியே பெருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது வேருக்கு வந்தால் தலைகீழ். ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் நிமிராது. பத்து வருஷம் நன்றாக நின்ற மரம் ஒருநாள் காற்றில் அப்படியே குடை சாய்ந்து விழும். தோண்டிப் பார்த்தால் வேர் கூடை பின்னினாற்போல உருண்டையாக இருக்கும்.

கன்று பார்க்கிறபோது கவனிக்க வேண்டியது இதுதான். பையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்குதான் கன்றின் உயரம் இருக்கணும். தண்டு கெட்டியாக, தானாக நிமிர்ந்து நிற்கணும், குச்சியை அவிழ்த்தால் சாயக்கூடாது. நெரிசலில் வெளிச்சத்துக்கு ஏங்கி வளர்ந்த கன்றுதான் நெட்டையாகச் சோனியாக இருக்கும். நடுக்குருத்து ஒன்றே ஒன்று இருக்கணும், ஒடிந்திருக்கக் கூடாது. பையைத் தூக்கிப் பாருங்கள். அடி ஓட்டை வழியாகத் தடித்த வேர் தரைக்குள் போயிருந்தால் அதை அறுத்துத்தான் எடுக்க முடியும், அந்தக் கன்று வேண்டாம். நிறையக் கன்று வாங்குகிறவர்கள், ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுங்கள். ஒரு கன்றின் விலையில் ஐம்பது கன்றின் ஜாதகம் தெரிந்துவிடும்.

ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கம் கடியம் என்று ஓர் ஊர், நாற்றுப் பண்ணைகளுக்குப் பேர் போனது. அங்கிருந்து அழகு மரங்கள் லாரியில் நம் பக்கமும் வருகின்றன. பத்தடிப் பன்னிரண்டு அடி மரத்தையே மண்கட்டியோடு கொண்டுவந்து இறக்குவார்கள். அவசர நிழலுக்குச் சிலர் வாங்குகிறார்கள். ஆனால் நிலத்திலிருந்து தோண்டி எடுத்த பெரிய மரத்துக்கு வேரில் பெரும்பகுதி அப்போதே அறுபட்டிருக்கும். முட்டுக் கொடுத்து, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே இருந்து பார்க்கணும். நமக்கு ஒன்றரை முழக் கன்று போதும். நல்ல வேரோடு வைத்தால் சில வருஷத்தில் அதை எட்டிப் பிடித்துவிடும், செலவும் இல்லை.

குழியும் நடவும்

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை குழி எடுப்பது. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை ஒரு பக்கமும் போடுங்கள். வெயிலில் குழி நன்றாகக் காயட்டும். ஆடு, பிள்ளைகள் விழாமல் மேலே முள்ளைப் போட்டு வையுங்கள். ஆவணிக் கடைசியில் மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கின தொழுஉரமும், இரண்டு கை வேப்பம்பிண்ணாக்குப் பொடியும் கலந்து குழியை மூடுங்கள். ஒரு மழை பெய்து மண் அமுங்கினதும் நடலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற மாவட்டங்களுக்குப் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி சரியான பருவம். குமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்கு மழை உண்டு, அங்கே ஆனி மாதத்திலேயே நடலாம்.

பையைப் பிளேடால் கீறி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. அடியில் லேசாகச் சுருண்ட வேர் இருந்தால், அரை அங்குலம் நறுக்கிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவேண்டும், தண்டைப் புதைக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, சணலால் தளர்த்தியாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்காது. காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் அது தடிக்கும். ஒரு வருஷத்தில் குச்சியை எடுத்துவிடலாம். சுற்றி முள்வேலி அவசியம். சரக்கொன்றையை ஆடு அவ்வளவாகத் தொடாது, பூவரசை விடவே விடாது.

முதல் கோடையைத் தாண்டினால் மரம் உங்களுடையது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குடம் தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு, இது போதும். சரக்கொன்றை இலையைப் பச்சைப் புழு தின்பதைப் பார்த்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. தின்றுவிட்டுப் போகும், மரம் மறுபடி தளிர்க்கும்.

ஆக, இந்த வாரத்து வேலை மூன்று. வீட்டைச் சுற்றி நடந்து அளந்து இடத்தைக் குறியுங்கள். குழி எடுங்கள். பக்கத்து நாற்றுப் பண்ணைக்கு ஒரு நடை போய், சீட்டு எழுதி, முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். தெருவில் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் மிகவும் நல்லது. கன்று மழைக்கு வரும்.